தைக்கு முன்னால் விதை வேண்டும்

பயறு விதைப் பெருக்கத்தையும் வழங்கலையும் கவனிக்கும் வேளாண் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே உளுந்தைத் தெளிப்பது எங்கள் டெல்டா வழக்கம். அப்புறம் தண்ணீர் கிடையாது. மண்ணின் ஈரமும் பனியும்தான். விதை தவறினால் திருத்திக்கொள்ள வழியில்லாத சாகுபடி இது.

இந்தத் தையில் வட்டார விதைக் கிடங்கில் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் ரகம் கேட்டோம். இருப்பு இல்லை என்று பழைய ரகத்தைக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் கொழுந்தில் மஞ்சள் புள்ளி விழுந்தது. அடுத்து வந்த இலையெல்லாம் முழு மஞ்சள். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், செடிக்கு வந்துவிட்டால் மருந்தில்லை. செடி பிடுங்க வந்த பெண்கள் வயலைப் பார்த்துவிட்டு, "இதுல கூலிக்கே காணாது, விட்டுடுங்க" என்று திரும்பிப் போனார்கள். மாட்டை விட்டு மேய்த்தோம்.

விதைக்கு வழியில்லாமல் இல்லை. காட்டு உளுந்து கொடியாக ஓடும், நெற்று வெடித்துச் சிதறும், மணியும் பொடி. ஆனால் தேமலை எதிர்க்கும் குணம் அதில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தில் அதை நாம் பயிரிடும் உளுந்தோடு ஒட்டுச் சேர்த்தார்கள். மொட்டைப் பிரித்து மகரந்தப் பையை நீக்கி, காட்டுச் செடியின் மகரந்தத்தைத் தடவி, பிறந்த செடிகளில் வேண்டாத குணம் கழியும்வரை தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும் வேலை அது. துவரையிலும் இப்படித்தான், காட்டுத் துவரையிலிருந்து கிடைத்த ஆண் மலட்டுத் தன்மையை (செடியில் பயன்படும் மகரந்தம் உண்டாகாத குணத்தை) வைத்து இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வீரிய ஒட்டு ரகம் 2010-ல் மத்தியப் பிரதேசத்தில் வெளியானது. இத்தனை பேர் உழைப்பும் எங்கள் வட்டாரக் கிடங்கு வாசலுக்கு வராமல் நின்றால் யாருக்குப் பயன்?

மியான்மரிலிருந்து இறக்குமதியாகும் உளுந்துக்கு வரிவிலக்கை நீட்டிக்க அரசுக்கு நேரம் இருக்கிறது. எங்களுக்கு விதை அனுப்ப மட்டும் ஏன் இல்லை? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேள்வி நியாயமானது.

தேமல் எதிர்ப்பு உளுந்து விதை, தை பிறக்குமுன் எங்கள் கைக்கு வர வேண்டும். எந்த வட்டாரத்துக்கு எந்த ரகம், எத்தனை மூட்டை என்று மார்கழியிலேயே கிடங்கு வாசலில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒரு ரகத்தின் எதிர்ப்பு காலத்துக்கும் நிற்காது என்பதால், காட்டுப் பயறுகளைச் சேகரித்து ஒட்டுச் சேர்க்கும் வேலைக்கு நிதியைக் குறைக்காதீர்கள் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டெல்டா உளுந்து விவசாயி ஒருவர்