ஆப்பசோடாவும் நவச்சாரமும்

ரங்கூன்
ஞாயிறு காலை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி தமிழில் தன் பெயரை எழுதப் பழகிவிட்டாள். சிறுநீரகம் தளர்ந்த தங்கச்சிக்கு, ரத்தத்தில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் 17க்கு இறங்கிவிட்டது என்று படித்ததுதான் மனசை அறுக்கிறது. டாக்டர் கொடுத்த பைகார்பனேட் மாத்திரையை 'வெறும் ஆப்பசோடாதானே' என்று ஓரமாக வைத்துவிட்டதாமே! முதலில் அதை எடுத்துக் கொடு.

சின்ன வயசில் நம் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? சுட்ட பித்தளை அண்டாவில் நவச்சாரத்தைத் தேய்த்ததும் குப்பென்று வெள்ளைப் புகை எழும்பும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம். அம்மோனியமும் குளோரைடும் சேர்ந்த உப்புதான் அது. அந்த இரண்டையும்தான் சிறுநீரகம் தினமும் வெளியே அனுப்புகிறது.

மீன், கறி, நாப்பி என்கிற பர்மா மீன் விழுது என்று நாம் தின்னும் புரதத்திலிருந்து அமிலம் மிஞ்சும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமோல். அதை அப்படியே சிறுநீரில் கொட்ட வழியில்லை; சிறுநீரின் பிஎச் (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) 4.5 வரைதான் இறங்கும். அதனால் சிறுநீரகக் குழாயின் செல்கள் குளுட்டமைன் என்ற அமினோ அமிலத்தை உடைக்கின்றன. ஒன்றை உடைத்தால் அமிலத்தைச் சுமந்து வெளியேறும் அம்மோனியம் இரண்டு, புது பைகார்பனேட் இரண்டு. அம்மோனியம் சிறுநீரோடு போனால்தான் பைகார்பனேட் நமக்கு மிச்சம். ரத்தத்துக்கே திரும்பினால் ஈரல் அதை யூரியாவாக்கும், அந்த பைகார்பனேட்டும் அதிலேயே செலவாகிவிடும். இத்தனை வருஷம் லேபில் இருந்தும் இந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கும். அமிலம் ஏறினால், நல்ல சிறுநீரகம் நாளொன்றுக்கு 40 மில்லிமோலாக இருந்த அம்மோனியத்தை நாலைந்து நாளில் 200க்கும் மேலே கொண்டுபோய்விடும்.

தங்கச்சியின் சிறுநீரகத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. அது செய்ய முடியாமல் விட்ட பைகார்பனேட்டைத்தான் மாத்திரை கொடுக்கிறது. கொடுக்காவிட்டால் உடம்பு எலும்பைக் கரைத்துத்தான் அமிலத்தைச் சமாளிக்கும், தசையும் தேயும். கழிவறையில் அம்மோனியா வாடை வருவதால் 'உடம்பில் விஷம் ஏறிவிட்டது' என்று பயப்படுகிறாயே, தேங்கிய சிறுநீரில் கிருமிகள் யூரியாவை உடைப்பதால் வரும் வாடை அது. அப்போதுதான் போன சிறுநீரே நாறினால் டாக்டரிடம் சொல்லு, கிருமித் தொற்றாக இருக்கலாம்.

ஒன்று மட்டும் கவனம். அடுக்களை சோடாவை ஸ்பூனில் அள்ளிக் கொடுத்துவிடாதே. அதில் சோடியம் இருக்கிறது. அளவு மீறினால் கால் வீங்கும், பிரஷர் ஏறும். டாக்டர் சொன்ன அளவுதான். அடுத்த ரத்தப் பரிசோதனை முடிந்ததும் எண்ணை எனக்கு எழுது. அதற்குள் காலில் வீக்கம் கண்டாலோ மூச்சு வாங்கினாலோ கடிதத்துக்குக் காத்திராதே, டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு எனக்குப் போன் பண்ணு. நான் பெகுவுக்கு ரயில் ஏறிவிடுகிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்