ஆறு மாதம் ஓடுகிற ஆட்டம்

எடிசன், நியூ ஜெர்சி
மார்ச் முதல் வாரம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. டாலஸில் வீடு அமைந்துவிட்டது, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது, இட்லி அரிசி விற்கிற கடையும் பக்கத்திலேயே இருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பொங்கல் முடிந்ததும் அம்மா கும்பகோணம் கிளம்பிப் போய்விட்டார்கள். முட்டிவலி பரவாயில்லையாம், மாடிப்படி ஏறுவதற்குத்தான் இன்னும் யோசிக்கிறார்கள். பெரியவள் காலேஜ் விண்ணப்பமெல்லாம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள். தினம் நாலு தடவை மெயிலைத் திறந்து பார்க்கிறாள், பாவம்.

அலுவலகத்தில் உன்னை ஃபேன்டசி பேஸ்பால் லீக்கில் சேர்த்துவிட்டார்கள், இன்னும் இரண்டு வாரத்தில் டிராஃப்ட், யாரை எடுப்பது என்று கேட்டிருந்தாய். நீ கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களை டிராஃப்டில் மாறிமாறி எடுத்துக் கற்பனை அணி கட்டி, மைதானத்தில் அவர்கள் எடுக்கிற கணக்கை வைத்துப் போட்டி போடுவது. இந்த ஊருக்கு வந்த நாளாக நான் விடாமல் ஆடுகிற ஆட்டம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஐபிஎல் சமயத்தில் சென்னையில் நீ ஆடிய ஆட்டத்தை மறந்துவிடு. அங்கே ஒரு ராத்திரிக்குப் பதினோரு பேர், கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி, விடிந்தால் வேறு அணி. இங்கே மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு அணிக்கும் 162 ஆட்டம். டிராஃப்டில் ஒருவனை நீ எடுத்துவிட்டால் உன் லீக்கில் வேறு யாரும் அவனைத் தொட முடியாது. 1980இல் டேனியல் ஓக்ரெண்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கியது இது. அவர்கள் கூடிய சாப்பாட்டுக் கடையின் பெயரால் ரோட்டிசெரி என்றார்கள், இப்போது சுருக்கமாக ரோட்டோ.

உங்கள் லீக்கும் ரோட்டோ, 12 பேர், பத்து கேட்டகரி என்று எழுதியிருக்கிறாய். பேட்டிங்கில் ஆவரேஜ் (ஹிட் விகிதம்), ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வந்த ரன்), ஸ்டோலன் பேஸ் (சுருக்கமாக ஸ்டீல்; பிட்சர் அசந்த நேரம் ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). பிட்சிங்கில், அதாவது பந்து வீசுவதில், வெற்றி, சேவ் (நெருக்கமான ஆட்டத்தைக் கடைசியில் காப்பாற்றி முடிப்பது), ஸ்டிரைக்அவுட் (பேட்டரை அடிக்கவிடாமலே அவுட்டாக்குவது), இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார்), விப் (ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பேரை ஹிட்டாலோ வாக்காலோ பேஸுக்கு விட்டார்); கடைசி இரண்டும் குறைந்தால்தான் நல்லது. ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு 12 புள்ளி, கடைசிக்கு 1. பத்திலும் மூன்றாவதாக வந்தாலே 100 புள்ளி ஆகிவிடும். அதை வைத்துப் பெரும்பாலும் கோப்பையை வாங்கிவிடலாம். ஹோம் ரனில் இரண்டாவது ஆளைவிட 5 அதிகம் அடித்தாலும் 60 அதிகம் அடித்தாலும் அதே 12தான். ஆகவே எந்த ஆட்டக்காரனைப் பார்த்தாலும், அவன் உன் அணியை எந்தக் கேட்டகரியில் எத்தனை இடம் மேலே ஏற்றுவான் என்று கேள். நான் இத்தனை வருஷம் ஆடிக் கற்றது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

ஜூலையில் உன் நிலைமை இப்படி இருப்பதாக வைத்துக்கொள். ஹோம் ரனில் நீ முதலிடம், அடுத்தவனைவிட 30 கூட. ஸ்டோலன் பேஸில் உன்னிடம் 118. உனக்கு மேலே 120, 121, 124 என்று மூன்று பேர் நிற்கிறார்கள், கீழே இருப்பவன் 95இல் கிடக்கிறான். ஹோம் ரன் அடிக்கிற ஒருவனைக் கொடுத்துவிட்டு, ஓடுகிற ஒருவனை வாங்கினால் ஏழு ஸ்டீலில் மூன்று புள்ளி வந்துவிடும். கொடுத்தவன் பெரிய பெயர், வாங்கியவன் சின்னப் பெயர் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். ஞாயிறு ராத்திரி பத்து நிமிஷம் உட்கார்ந்து ஒவ்வொரு கேட்டகரியிலும் மேலே எவ்வளவு தூரம், கீழே எவ்வளவு தூரம் என்று ஒரு தாளில் எழுது. மே மாதத்துக்கு முன்னால் அந்தத் தாளுக்கு அர்த்தமில்லை, ஜூன் முதல் அதுதான் உன் வழிகாட்டி.

ஸ்டோலன் பேஸ் பற்றி நீ படிக்கிற பழைய யோசனைகள் எடுபடாது. 2023இல் விதியை மாற்றினார்கள். பேஸின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்சர் இரண்டு முறைதான் பேஸில் நிற்கிற ரன்னரைப் பந்தை எறிந்தோ திரும்பியோ மிரட்டலாம். மூன்றாவது முறை முயன்று அவனை அவுட்டாக்கவில்லை என்றால் அடுத்த பேஸ் சும்மா கிடைத்துவிடும். 2022இல் நிஜ லீக்கில் எல்லா அணிகளும் சேர்ந்து 2,486 ஸ்டீல், 2023இல் 3,503. அதற்கு முன்னால், ஓடுவது மட்டுமே தெரிந்த ஓர் ஆளைத் தனியாகத் தேடி வாங்குவோம். இப்போது எல்லோரும் ஓடுகிறார்கள். ஹுவான் சோட்டோவை எடுத்துக்கொள். ஒரு வருஷத்தில் 12க்கு மேல் ஸ்டீல் செய்திராதவர், 2025இல் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு 43 ஹோம் ரனும் 38 ஸ்டீலும் எடுத்தார். ஆகவே அடியும் ஓட்டமும் சேர்ந்திருக்கிற ஆட்களாகவே முதல் சுற்றுகளில் எடு. வேகம் மட்டும் உள்ளவனுக்கு இடம் கொடுத்தால் ஹோம் ரனிலும் ஆர்பிஐயிலும் ஓட்டை விழும்.

முதல் இரண்டு சுற்றில் நான் பிட்சரைத் தொடமாட்டேன். டெட்ராய்ட்டின் டாரிக் ஸ்கூபல் 2024, 2025 இரண்டு வருஷமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர், அவர்மேல் எனக்கும் ஆசைதான். ஆனாலும் பிட்சரின் முழங்கையை நம்பி டிராஃப்டில் முதல் சீட்டைக் கொடுக்க மனசு வராது. ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் 2023இல் 281 ஸ்டிரைக்அவுட் எடுத்தார். மறு வருஷம் இரண்டே ஆட்டம், பிறகு அறுவை சிகிச்சை. பேட்டருக்கும் அடிபடும், இல்லையென்று சொல்லவில்லை. ரொனால்ட் அகூனா 2023இல் 41 ஹோம் ரன், 73 ஸ்டீல் என்று ஊரைக் கலக்கிவிட்டு, 2024 மே மாதம் முட்டி போய் 49 ஆட்டத்தோடு உட்கார்ந்துவிட்டார். இருந்தாலும் பிட்சர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

உங்கள் ஊரில் இன்னொரு விஷயம் கவனி. லீக்கில் எல்லோரும் உங்கள் ஊர் அணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் ரசிகர்கள்தானே? ரேஞ்சர்ஸ் ஆட்களை இரண்டு சுற்று முன்னாலேயே தூக்கிவிடுவார்கள். ஜேக்கப் டிக்ராம் எங்கள் மெட்ஸில் இருந்தபோது நாங்கள் சாமி கும்பிடாத குறை. டெக்சாஸ் போனபிறகு 2023இல் 6 ஆட்டம், 2024இல் 3. பிறகு 2025இல் 30 ஆட்டம் ஆடி 2.97 இ.ஆர்.ஏ. அருமையான பிட்சர்தான், ஆனால் அந்த 30ஐ மட்டும் நினைத்து உன் அலுவலகத்தில் யாராவது சீக்கிரமே எடுத்துக்கொண்டால், எடுக்கட்டும். அவர்கள் டிக்ராமை எடுக்கும்போது கீழே விழுகிற வேறு ஊர் ஆளை நீ பிடித்துக்கொள்.

ஏப்ரலில் பொறுமை வேண்டும். அதுதான் கஷ்டம். 2024இல் மெட்ஸின் பிரான்சிஸ்கோ லிண்டோர் மே நடுவரைக்கும் .200க்குக் கீழே ஆவரேஜ், அதாவது பத்துக்கு இரண்டு ஹிட்கூட இல்லை. அந்த வருஷம் அம்மா இங்கே இருந்தார்கள். பல் தெரியச் சிரித்துக்கொண்டே வருவார் என்பதால் அவரை அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும், “இந்தப் பிள்ளைக்கு யார் கண்ணு பட்டதோ” என்று வருத்தப்படுவார்கள். எங்கள் லீக்கில் ஒருவர் பாதி விலைக்கு அவரை விற்றுவிட்டார். மே 18 அன்று பேட்டிங் வரிசையில் முதலில் இறக்கினார்கள்; சீசன் முடியும்போது 33 ஹோம் ரன், 29 ஸ்டீல், எம்விபி என்கிற சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கான ஓட்டில் இரண்டாமிடம். ஸ்டிரைக்அவுட்டும் ஹோம் ரனும் போக, ஆட்டத்துக்குள் விழுகிற பந்துகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று ஹிட் ஆகும். ஒருவன் பந்தை வழக்கம்போல் ஓங்கி அடித்தும் அது பத்துக்கு இரண்டாக இருந்தால், பந்து ஆள் இருக்கிற இடமாகப் பார்த்துப் போகிறது என்று அர்த்தம். அவனை விற்காதே, பக்கத்து அணிக்காரன் விற்றால் வாங்கு. ஸ்டிரைக்அவுட் திடீரென்று கூடியிருந்தால் மட்டும் கவலைப்படு.

க்ளோசர்கள், அதாவது கடைசி இன்னிங்ஸ் போட்டு சேவ் எடுக்கிற பிட்சர்கள் விஷயத்தில் நான் கஞ்சன். சேவ் என்பது ஒன்பதாவது இன்னிங்ஸில் மேனேஜர் யாரை அனுப்புகிறார் என்பதைப் பொறுத்தது. நாலு நாள் சொதப்பினால் வேலை போய்விடும். டிராஃப்டில் இரண்டு பேர் போதும். பிறகு எட்டாவது இன்னிங்ஸ் போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இரு.

வேவரில், அதாவது யாரும் எடுக்காமல் கிடக்கிற ஆட்களை வாங்க, ஏலம் கேட்க சீசன் முழுவதற்கும் 100 டாலர் என்றாயே, அதில் பெரும்பகுதியை மே முடிவதற்குள் செலவழித்துவிடு. ஏப்ரலில் கிடைக்கிற நல்ல ஆள் உனக்கு ஐந்து மாதம் உழைப்பான். ஆகஸ்டில் கிடைப்பவன் ஐந்து வாரம்தான். மிச்சம் பிடித்த டாலருக்கு யாரும் புள்ளி தரமாட்டார்கள். பிட்சர்களை மாற்றும்போது மட்டும் டென்வர் பயணம் இருக்கிறதா என்று பார்த்துவிடு. கடல்மட்டத்திலிருந்து 5,280 அடி உயரம், மெல்லிய காற்று, பந்து பறக்கும். உன் பேட்டர்கள் அங்கே போனால் கொண்டாட்டம், பிட்சர் போனால் அந்த வாரம் பெஞ்சில் வை.

செப்டம்பருக்கு ஒரு கணக்கு. உன் அணி 1,200 இன்னிங்ஸ் போட்டு இ.ஆர்.ஏ. 3.80இல் நிற்கிறது என்று வை. கடைசியில் 60 இன்னிங்ஸை 2.00 என்ற அபாரமான கணக்கில் போட்டாலும் மொத்தம் 3.71க்குத்தான் வரும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அதனால் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. ஆனால் அதே 60 இன்னிங்ஸில் 65 ஸ்டிரைக்அவுட், நாலு வெற்றி கிடைத்தால் அங்கே இரண்டு மூன்று இடம் ஏறலாம். அந்த நேரத்தில் பயப்படாமல் பிட்சர்களை இறக்கு. இதற்கு முன்னால் உங்கள் லீக்கில் இன்னிங்ஸ் வரம்பு உண்டா என்று விசாரி. யாகூ தளத்தில் வழக்கமாக 1,400. பேட்டிங்கும் பிட்சிங்கும் இரண்டும் செய்கிற ஒஹ்டானியை பேட்டர், பிட்சர் என்று இரண்டு ஆளாகக் கணக்கு வைக்கிறார்களா, ஒரே ஆளாகவா என்றும் கேள். அதைப் பொறுத்து முதல் சீட்டே மாறும்.

ஆர்லிங்டன் மைதானம் உனக்குப் பக்கம்தானே. கூரை மூடி ஏசி போட்டிருப்பார்கள், டெக்சாஸ் வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் பார்த்துவிடு. டிவியில் பார்ப்பதைவிட அங்கே உட்கார்ந்தால்தான் ரன்னர் எத்தனை அடி விலகி நிற்கிறான், பிட்சர் எப்படித் தவிக்கிறான் என்பதெல்லாம் புரியும்.

டிராஃப்டில் உனக்கு எத்தனையாவது இடம் என்று தெரிந்ததும் எழுது. முதல் ஐந்து சுற்றுக்கு நீ நினைக்கிற பெயர்களையும் அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். சாந்திக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்
பாலு