இரண்டு திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

நீ அனுப்பிய பைத்தான் நிரலையும் கடற்றொழிலாளர் சங்க உறுப்பினர் பட்டியலையும் பார்த்தேன். ஊர்வாரியாக எண்ணச் சொன்னால் மூதூரும் கிண்ணியாவும் ஒழுங்காக வருகின்றன, திருகோணமலை மட்டும் இரண்டு தரம் வருகிறது, பைத்தானுக்கு என்ன விசர் என்று கேட்டிருந்தாய்.

விசர் பைத்தானுக்கு இல்லை. "கோ"வில் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: முழுதாக ஒரே குறியாக, அல்லது முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு துண்டாக. திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுப் பார், ஒன்று 10, மற்றது 11. (நாம் எண்ணினால் 6 எழுத்து. அது வேறு கதை.) பைத்தானோடு வரும் யுனிகோட்டேட்டா என்ற மொடியூலில் நார்மலைஸ் என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. என்எஃப்சி (துண்டுகளை ஒரே குறியாகச் சேர்க்கும் வடிவம்) என்று கொடுத்து ஊர்ப்பெயர் எல்லாவற்றையும் அதற்குள்ளால் விடு. ஓரத்து வெற்றிடங்களை ஸ்ட்ரிப் என்ற ஃபங்ஷன் வெட்டும். சுருக்கமாகத் "திருமலை" என்று எழுதிவைத்த ஆட்களை மட்டும் எந்த ஃபங்ஷனும் பிடிக்காது, அதற்கு எந்தப் பெயரை எதுவாக மாற்றுவது என்று நீயே ஒரு டிக்‌ஷனரி எழுதத்தான் வேண்டும்.

தொலைபேசி இலக்கங்களின் முன் 0 போனது, அவற்றை எண் என்று எடுத்துக்கொண்ட எக்செலின் வேலை. சொல்லாவிட்டால், பைத்தானில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாசும் அதையே செய்யும். வாசிக்கும்போதே அந்தக் கொலம் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்று சொல்லிவிடு. கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே இல்லை என்பது என் கட்சி. ஏற்கெனவே 0 தொலைந்தவற்றில், 7 இல் தொடங்கி 9 இலக்கமாக நிற்பவற்றுக்கு மட்டும் முன்னால் 0 போடு.

அடையாள அட்டை இலக்கத்திலிருந்து நீ எடுக்கும் பிறந்த திகதி ஒருநாள் பிந்துவதுதான் எனக்குப் பிடித்த சிக்கல். அடையாள அட்டை இலக்கத்தில் ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்று இலக்கம், அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்று சொல்லும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அதைக் கழித்திருக்கிறாய், சரி. ஆனால் அந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள். 1999 மார்ச் 1 இல் பிறந்தவருக்கு 061 என்று இருக்கும், பைத்தானோ அந்த ஆண்டின் 61ஆவது நாளை மார்ச் 2 என்னும். ஆகவே லீப் அல்லாத ஆண்டில் 60ஐத் தாண்டினால் ஒன்று குறை. சரியாக 60 என்று வந்தால் அப்படியொரு நாளே இல்லை, யாரோ பிழையாகத் தட்டியிருக்கிறார்கள். அதை நீயாகத் திருத்தாமல் தனியே எடுத்து வை, சங்கத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரே ஆள் பழைய 9 இலக்கத்தோடும் புதிய 12 இலக்கத்தோடும் இரண்டு தரம் பதிந்திருக்கலாம். பழையதன் முன்னால் 19 சேர்த்து, நாளுக்கான மூன்று இலக்கத்துக்குப் பின்னால் ஒரு 0 செருகி, கடைசி வி எழுத்தை நீக்கிவிட்டு ஒப்பிட்டுப் பார்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய குச்சவெளிப் பட்டியலை இதோடு இப்போது சேர்க்காதே. கணினிக்கு அது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளின் குவியல். முதலில் யுனிகோடுக்கு மாற்றி எனக்கு அனுப்பு, மூலக் கோப்பின் மேல் மட்டும் சேமித்துவிடாதே.

அன்புடன்,
அண்ணா