இரவில் நடக்கிற மகளுக்கு

முத்துஐயன்கட்டு,
ஆவணி மாதம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுத வேண்டியதில்லை. போன கிழமை முழுக்க நீயே அதைக் காட்டிக்கொண்டிருந்தாய்.

நீ அழைத்த மூன்று நாளும் அம்மா கைபேசியைப் பிடித்துக்கொண்டு என்ன சாப்பிட்டாய், என்ன சமைத்தாய் என்று விசாரித்தார். நான் பின்னால் நின்று படத்தைப் பார்த்தேன். உன் முகத்துக்குப் பின்னால் சுவர், குளிர்சாதனப் பெட்டி, யன்னல். மறுபடியும் சுவர், குளிர்சாதனப் பெட்டி, யன்னல். ரொறன்ரோவில் அப்போது இரவு இரண்டு மணி. ஏன் பிள்ளை நடக்கிறாய் என்று கேட்டதற்கு, பிள்ளைத்தாய்ச்சி வயிறு பெரிதாகிவிட்டது, நித்திரை வரவில்லை என்றாய். அம்மா நம்பினார். எனக்கு அந்த நடை தெரியும். வயிற்றுப் பாரத்துக்காக நடப்பவர் மெதுவாக நடப்பார். நீ எதையோ உதறிவிட நடந்தாய்.

பிறகு நான் தனியாகக் கேட்டபோது சொன்னாய்: "வலி இல்லை அப்பா. உள்ளே ஏதோ ஊருகிற மாதிரி. சொல்லத் தெரியவில்லை. காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை." சொல்லத் தெரியாமல்தான் நானும் முப்பது வருடம் வீணாக்கினேன். அதனால் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் அம்மா குறுக்கே வந்து கதையைக் கருவாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். அடுத்த வீட்டுப் பெடியன் இதைப் படம் எடுத்து அனுப்புவான். எழுத்து விளங்காத இடத்தில் பெரிதாக்கிப் பார்.

உன் அப்பம்மா இதைக் "கால் அந்தரம்" என்பார். பொழுதுபட்டால் தொடங்கும். விளக்கு வைத்துச் சாப்பாடு முடிந்து எல்லோரும் பாய் விரிக்கும் நேரத்தில் அவர் மட்டும் சாக்கொன்றை நனைத்துப் பிழிந்து இரண்டு காலிலும் சுற்றிக்கொண்டு விறாந்தையில் இருப்பார். சாக்கின் பாரமும் குளிரும் கொஞ்சம் அடக்கும். விடியப்புறம் சேவல் கூவுகிற நேரத்தில்தான் கண் மூடுவார். ஊர் அவரை எழும்பப் பஞ்சிப்படுகிற மனுசி என்று சொல்லியது. இந்த அந்தரம் இரவின் முன்பாதியில் ஏறி விடியலில் இறங்குவது. காலை நித்திரை அவருக்குக் கிடைத்த ஒரே நித்திரை. அதைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன், எனக்கு வரும்வரை.

இது குடும்பத்தில் இறங்குவது என்று டொக்டர் பின்னாளில் சொன்னார். எல்லோருக்கும் அப்படியில்லை, ஆனால் இளவயதில் தொடங்கியவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தானாம். இந்தக் காணிக்கு உறுதி எடுக்க நான் எத்தனை வருடம் கந்தோர் கந்தோராக அலைந்தேன் என்று உனக்குத் தெரியும். இது மட்டும் முத்திரையும் இல்லாமல் கையெழுத்தும் இல்லாமல் உன் பெயருக்கு மாறிவிட்டது.

எனக்கு இருபது வயதுக்குப் பிறகு தொடங்கியது. அப்போது நான் சங்கக்கடையில் வேலை, இடதுகரையில் இரண்டு ஏக்கர் வயல். யானைக்கும் பன்றிக்கும் இரவுக் காவல் போட வேண்டும். எல்லோரும் தங்கள் முறை வந்தால் முகத்தைச் சுளிப்பார்கள்; நான் மற்றவர்களின் முறையையும் கேட்டு வாங்குவேன். எனக்கு ஊரில் நல்ல பெயர். உண்மை என்னவென்றால் வரப்பில் டோர்ச் லைட்டோடு நடக்கும்போது கால் சும்மா இருந்தது. கொட்டிலுக்குள் சரிந்தால்தான் அந்தரம். அதேபோல 304 என்ற சீட்டு விளையாடுகிற இரவுகளிலும் வராது. கை கேட்பதும் துருப்பு மறைப்பதுமாக மூளை ஓடிக்கொண்டிருந்தால் காலை மறந்துவிடுவேன். இதை நான் என் சூதாட்டப் புத்தி என்று நினைத்திருந்தேன். மனதை இறுக்கிப் பிடிக்கிற வேலை ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை குறையும் என்பது வைத்தியமே ஒத்துக்கொள்கிற விசயமாம்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவதென்றால் எனக்குத் தண்டனை. மாங்குளம் தாண்டுவதற்குள் சீட்டை விட்டு எழும்பிவிடுவேன். கொண்டக்டர் இருக்கச் சொல்வார், நான் இறங்குகிறவன் மாதிரி கதவடியில் நிற்பேன்.

இனி உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. 2009 மாசி, யுத்தத்தின் கடைசிக் காலம், மாத்தளன். நாலு முழப் பதுங்குகுழிக்குள் ஆறு பேர். உனக்கு எட்டு வயது. காலை நீட்ட இடமில்லை, இரவில் வெளியே தலை காட்ட முடியாது. செல்லுக்குப் பயம் எல்லோருக்கும் இருந்தது. எனக்கு அதோடு இதுவும். மேலே செல் கூவிக்கொண்டு போகும்போது, எழும்பி நாலடி நடந்துவிட்டு வந்தால் என்ன என்று என் கால் கேட்டது. ஒரு மனிதன் கால் அந்தரத்துக்காகச் சாவுக்குள் எழும்பி நடப்பானா? ஓரிரவு நான் எழும்பினேன். அம்மா சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினார். ஒன்றும் பேசவில்லை. நித்திரையில் கிடந்த உன்னைத் தூக்கி என் முழங்காலுக்குக் கீழே குறுக்காகக் கிடத்தினார். உன் பாரம் அழுந்தியதும் அது பாதியாக அடங்கியது. அதன் பிறகு ஒவ்வோர் இரவும் அப்படித்தான். அப்பாவின் காலில் படுத்தால்தான் பிள்ளைக்கு நித்திரை வரும் என்று அம்மா குழிக்குள் இருந்த மற்றவர்களுக்குச் சொன்னார். நீயும் இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய்.

2010இல் திரும்பி வந்து கூரை போட்ட பிறகு எனக்கு அது முற்றியது. ஒரு கிளினிக்கில் நரம்புத் தளர்ச்சி என்று விற்றமின் தந்தார்கள். இன்னோரிடத்தில், இந்தச் சனத்துக்கு நடந்ததற்கு நித்திரை வராதுதானே என்றார்கள். அது பொய்யுமில்லை, ஆனால் துக்கத்துக்குக் கெண்டைக்காலில் மட்டும் வந்து இருக்கத் தெரியாது. நான் நாரி நோவுக்கும் காலுக்குமாகச் சேர்த்து டைக்ளோபெனாக் என்ற நோவு மாத்திரையை டொக்டர் துண்டில்லாமல் பார்மசியில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்கினேன். காலுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் வேறு.

ஒரு நாள் சலரோகப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஓர் இளம் பெண் டொக்டர், நான் கதிரையில் காலை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்டார். ஆட்ட வேண்டும் என்று உந்துகிறதா? சும்மா இருக்கும்போது கூடுகிறதா? நடந்தால் குறைகிறதா? பொழுதுபட்டால் மோசமா? நான்கிற்கும் ஆம் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கக்கேடு. கெண்டை இழுத்துப் பிடிப்பதென்றால் தசை கல்லாகித் தாங்க முடியாமல் நோகும். சலரோகத்தால் வரும் எரிவு பகலிலும் இருக்கும், நடந்தால் போகாது. இது வேறு என்றார். பெயர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சின்ட்ரோம், சும்மா இருக்காத கால் என்று அர்த்தம். இங்கிலாந்தில் தோமஸ் வில்லிஸ் என்ற வைத்தியர் 1672இலேயே இதை எழுதிவைத்திருக்கிறாராம். 1945இல் எக்போம் என்ற சுவீடன்காரர் பெயர் வைத்தாராம். முந்நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த ஒன்று ஒட்டுசுட்டான் சந்திக்கு வந்து சேர இவ்வளவு நாள்.

வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் கூட என்பதாலும், சிறுநீரகம் பழுதானால் இது வரும் என்பதாலும் முதலில் அதைப் பார்த்தார்; அது சரி. பிறகு ஃபெரிட்டின் என்று ஒரு இரத்தப் பரிசோதனை. உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்புச்சத்தின் கணக்கு அது. என் ஹீமோகுளோபின் 13.1, அது போதும் என்று முன்பு இரண்டு பேர் தாளைத் திருப்பித் தந்தவர்கள். ஃபெரிட்டினோ 11. சங்கக்கடைக் கணக்கில் சொன்னால், முன்னால் தட்டில் சாமான் இருக்கிறது, பின்னறைக் களஞ்சியம் காலி. மூளைக்குப் போதிய இரும்பு கிடைக்காவிட்டால் அசைவை ஆளுகிற டோபமின் குழம்பி, கால் இப்படிக் கூத்தாடும். மற்றவர்களுக்குக் குறைவில்லை என்று விடுகிற அளவுகூட இந்த நோய்க்காரருக்குப் போதாது; 75க்குக் கீழே என்றால் இரும்பு கொடுப்பார்கள்.

ஆம்பிளைக்கு இரும்பு எங்கே ஒழுகுகிறது என்று தேடி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பையில் புண். காலுக்கென்று போட்ட நோவு மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கி, புண் இரத்தத்தைக் கசியவிட்டு, கசிவு இரும்பைக் குறைத்து, அந்தக் குறை காலை இன்னும் ஆட்டியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தி இரும்பு தொடங்கினார்கள். நாலாம் மாதம் ஓரிரவு நான் விடியும்வரை ஒரே பக்கமாகக் கிடந்தேன். அம்மா பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம்.

இனி உன் கதை. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது, கடைசி மூன்று மாதத்தில்தான் அதிகம். பெரும்பாலும் பிள்ளை பிறந்து சில கிழமைக்குள் போய்விடும். அதற்காக அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே. அடுத்த கிளினிக்கில் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்ற அந்தப் பெயரைச் சொல். நடந்தால் குறைகிறது, அப்பாவுக்கும் அப்பம்மாவுக்கும் இருக்கிறது என்றும் சொல். ஹீமோகுளோபின் சரி என்று சொன்னால் எழும்பி வராதே, ஃபெரிட்டின் எவ்வளவு என்று கேள். அந்த எண்ணை எனக்கு எழுது.

இரும்பு மாத்திரையை நீயாகக் கூட்டாதே, பார்த்துத்தான் தருவார்கள். தந்தால் தோடம்பழச் சாற்றோடு எடு. பாலோடும் கல்சியம் மாத்திரையோடும் சேர்க்காதே. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலமாவது தள்ளி வை, பின்னேரத்துக் கோப்பியை விடு. அம்மா ஈரல் சாப்பிடச் சொல்வார். வேண்டாம், அதில் விற்றமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருப்பதால் கர்ப்பிணிக்கு ஆகாது. இங்கே குடும்பநல உத்தியோகத்தரும் அதைத்தான் சொன்னார், அம்மா அவரோடும் வாதாடினார்.

கடையில் துண்டில்லாமல் விற்கிற நித்திரை மாத்திரையை வாங்கிவிடாதே. அவற்றில் பலவற்றில் டைஃபென்ஹைட்ரமின் இருக்கும். தடிமனுக்குப் போடுகிற, கண்ணைச் சொருகவைக்கிற மாத்திரைகளின் இனம். ஆளைத் தூங்கவைக்கப் பார்க்கும், காலை எழுப்பிவிடும். எனக்குத் தடிமன் வந்தால் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிவதன் காரணம் இதுதான். உனக்குத் தொடக்கத்தில் வாந்திக்குத் தந்ததை இன்னும் போடுகிறாய் என்றால் அதிலும் இந்த இனம் இருக்கக்கூடும். நீயாக நிறுத்தாமல் டொக்டரிடம் கேள்.

இன்னொன்று. என் சித்தப்பா மகன் ஒருவருக்கு இதற்கென்று ரோபினிரோல் எழுதினார்கள், பாக்கின்சன் நோய்க்குக் கொடுப்பது. முதல் வருடம் தெய்வம் தந்த மருந்து என்றார். பிறகு அந்தரம் இரவு வராமல் பின்னேரம் மூன்று மணிக்கே வரத் தொடங்கியது, கைக்கும் ஏறியது. மருந்தைக் கூட்டக் கூட்ட அதுவும் கூடியது. அந்த இன மருந்துக்கு அப்படியொரு குணம் உண்டு. இப்போது உனக்கு யாரும் தரப்போவதில்லை. பின்னாளில் யாராவது எழுதினால் இந்தக் கதையைச் சொல்லிக் கேள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, நொந்து, சூடாக இருந்தால் அது இந்த நோய் இல்லை. இரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போ.

இரவைத் தள்ள எனக்கு உதவியவை: படுக்கமுன் முழங்கால்வரை இளஞ்சூட்டுத் தண்ணீர், பிறகு நல்லெண்ணெய் தேய்த்துக் கெண்டையைக் கீழிருந்து மேலாக அழுத்துவது. சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிக்கால் நிலத்தில் படும்படி அரை நிமிடம் இழுப்பது. வயிற்றோடு விழாமல் செய். பகலில் நட, ஆனால் உடம்பு முறிய அல்ல. வயலில் மாடாக உழைத்த நாள்களில் எனக்கு இரவு மோசம். விடியப்புறம் நித்திரை வந்தால் மணிக்கூட்டைப் பார்க்காமல் படு. மாமியார் ஏதும் சொன்னால் அப்பம்மாவின் கதையைச் சொல். மருமகனிடம் சொல், உன் கெண்டைக்கால்மேல் ஒரு பாரமான தலையணையை வைக்கட்டும். அவருடைய காலைப் போட்டாலும் சரி, நான் பார்க்கப்போவதில்லை.

அதற்கும் அடங்காவிட்டால் என்னைக் கூப்பிடு, அம்மாவின் கைபேசிக்கு அல்ல, எனக்கு. உனக்கு இரண்டு மணி என்றால் இங்கே முற்பகல் பதினொன்றரை, வேம்பின் கீழே சும்மாதான் இருப்பேன். நீ நடந்துகொண்டே கதை, நான் 304 இல் கை கேட்பதைப் பழக்கிவிடுகிறேன். நவம்பரில் உங்கள் மணிக்கூட்டை மாற்றுவார்கள், அப்போது இங்கே பன்னிரண்டரை ஆகிவிடும். சோற்றுக் கையோடு எடுப்பேன், குறை நினைக்காதே. அதற்குள் பிள்ளையும் வந்துவிடும், உனக்கு விழித்திருக்க வேறு காரணம் இருக்கும்.

அன்புடன்
அப்பா