தடுப்பூசி அறையில் ஒரு படம்: ஆற்காடு நகராட்சிக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆற்காடு என்றால் வெளியூர்க்காரர்கள் நவாப்பைச் சொல்கிறார்கள், பிரியாணியையும் மக்கன்பேடாவையும் சொல்கிறார்கள். டாக்டர் ஏ. ஜி. ரங்கராஜை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பெயரின் முன்னால் நிற்கும் அந்த 'ஏ' நம் ஊர்தான்.

இந்தியப் படையில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இருவரில் ஒருவர் இந்த மருத்துவர். 1941இல் நடந்தது அது. 1950 நவம்பரில், போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தரும் 60ஆவது பாராசூட் கள ஆம்புலன்ஸ் பிரிவுக்குத் தலைமை ஏற்றுக் கொரியப் போருக்குப் போனார். போன சில நாட்களிலேயே வடகொரியத் தலைநகர் பியாங்யாங்கிலிருந்து ஐ.நா. படைகள் எல்லாம் பின்வாங்க வேண்டியதாயிற்று. இவர்களுக்கோ வண்டி இல்லை. மருந்துகளையும் கருவிகளையும் விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. எங்கோ நின்ற பழைய நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்து, கொட்டும் குளிரில் வாளியைக் கை மாற்றிக் கை மாற்றித் தண்ணீர் நிரப்பி, தாங்களே ரயிலை ஓட்டிக்கொண்டு, பாலத்தைத் தகர்ப்பதற்குள் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். அடுத்த மார்ச்சில் முன்சானில் அமெரிக்க வீரர்களோடு சேர்ந்து ஒரு சிறு மருத்துவக் குழுவுடன் அவரும் குதித்தார். போர்க்கால வீரத்துக்கான நம் நாட்டின் இரண்டாவது உயரிய விருதான மகா வீர் சக்ரா கிடைத்தது.

அப்புறம் அவர் செய்த வேலைதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கும் பணிக்குப் பொறுப்பேற்றார். அம்மைப் பொருக்கை எடுத்து நோயில்லாதவர்களுக்குக் குத்திவிடும் பழைய வழக்கம் அங்கே இருந்தது. காப்பாற்றத்தான் குத்தினார்கள், அதிலேயே நோயும் பரவியது. அப்படிக் குத்துகிறவர்களைத் தேடிப்பிடித்து நிறுத்தி, தொலைதூரக் கிராமங்களுக்கும் தடுப்பூசியைக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

என் பாட்டியின் கையில் காசளவுக்கு இரண்டு தழும்புகள் உண்டு. "அம்மை குத்தினது" என்பார். என் கையில் அது கிடையாது. எனக்குக் குத்தவேண்டிய அவசியமே வராமல் போனதற்கு ரங்கராஜ் போன்றவர்கள்தான் காரணம்.

2020 ஜூலையில் தென்கொரிய அரசு அவரை அந்த மாதத்தின் கொரியப் போர் நாயகராகத் தேர்ந்தெடுத்துக் கௌரவித்தது. நம் ஊரில் அவர் பெயரை ஒரு சுவரிலும் நான் பார்த்ததில்லை. அது உறுத்துகிறது.

சிலை கேட்கவில்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் தாய்மார்கள் கைக்குழந்தையோடு காத்திருக்கும் அந்த அறையில் அவர் படமும், கீழே தமிழில் நாலு வரியும் வேண்டும். படத்துக்கும் சட்டத்துக்கும் ஆகும் செலவு என்னுடையது. அந்த நாலு வரியையும் எழுதித் தருகிறேன். எந்தக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்வீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், வந்து காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆற்காட்டுக்காரன் ஒருவன்