கேட்டது ஒன்று, சென்றது ஒன்று: பிராக் நகருக்கு அனுப்பிய இசைப் பரிசு குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், பாஸ்டன்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
பொருள்: பரிசுக் குறுந்தகடுகளை என் ஒப்புதலின்றி மாற்றி அனுப்பியது தொடர்பாக

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பிராக் நகரில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற செல்லோ ஆசிரியையான என் தோழியின் எழுபதாவது பிறந்தநாளுக்காக, அமெரிக்கச் செவ்வியல் இசைக் குறுந்தகடுகள் மூன்றைக் கடந்த செப்டம்பரில் தங்களிடம் வாங்கி, நேராக அவர் முகவரிக்கே அனுப்பக் கேட்டிருந்தேன். அவரிடம் போய்ச் சேர்ந்த மூன்றில் ஒன்றுகூட நான் தேர்ந்தெடுத்ததன்று. கையிருப்பு இல்லாததால் "இணையான பதிவுகளை" அனுப்பியதாகத் தங்கள் ஊழியர் விளக்கம் எழுதினார். மாற்றுப் பதிவு வேண்டாம் என்று ஆணைப் படிவத்திலேயே நான் குறிப்பிட்டிருந்தேன்.

நான் கேட்டது அமெரிக்க இசையமைப்பாளர் ஃபுளோரன்ஸ் பிரைஸின் முதல் சிம்பொனி. தாங்கள் அனுப்பியது டிவோர்ஷாக்கின் 'புதிய உலகிலிருந்து' சிம்பொனி. இரண்டும் ஈ மைனர் என்ற சுர அமைப்பில் அமைந்தவை என்பதைத் தவிர வேறு இணை எனக்குத் தெரியவில்லை. டிவோர்ஷாக் அதை நியூயார்க்கில் எழுதினார், 1893 டிசம்பரில் கார்னகி அரங்கில்தான் அது முதன்முதலாக ஒலித்தது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அவர் செக் நாட்டவர். பிராக்கின் விஷெராட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டவர். அவருடைய சிம்பொனியை அமெரிக்க இசை என்று பிராக்கில் உள்ள ஓர் இசை ஆசிரியைக்கு அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். அப்பதிவு தம்மிடம் ஏற்கெனவே நான்கு இருப்பதாகவும், ஐந்தாவதையும் மகிழ்ச்சியோடு கேட்பதாகவும் தோழி எழுதியிருந்தார். அந்தக் கனிவைப் படிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அமெரிக்காவின் இசை கறுப்பின மக்களின் பாடல்களிலிருந்து எழ வேண்டும் என்று டிவோர்ஷாக் 1893இல் சொன்னார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1933 ஜூனில், சிகாகோ சிம்பொனி இசைக்குழு பிரைஸின் சிம்பொனியை அரங்கேற்றியது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதி, இந்நாட்டின் பெரிய இசைக்குழுவொன்று வாசித்த முதல் சிம்பொனி அது. அதன் மூன்றாம் பகுதி, அடிமைக் காலக் கறுப்பின மக்கள் கைதட்டி ஆடிய ஜூபா நடனம். டிவோர்ஷாக்கின் சொல்லுக்குக் கிடைத்த விடையாகவே நான் அதைக் கேட்டு வந்திருக்கிறேன். அந்த விடையை அவருடைய ஊருக்கு அனுப்பத்தான் தங்களிடம் பணம் கட்டினேன்.

கோப்லாண்டின் 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' பாலே இசையை, 1944இல் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தின் சிறிய அரங்கில் ஒலித்த பதின்மூன்று கருவிகளுக்கான மூல வடிவில் கேட்டிருந்தேன். சிறு குழுக்களிலேயே வாழ்நாளெல்லாம் வாசித்தவருக்கு, இரண்டே செல்லோக்கள் தனித்துக் கேட்கும் அவ்வடிவம் பொருந்தும் என்று கருதினேன். வந்து சேர்ந்தது முழு இசைக்குழுவுக்கான தொகுப்பு. கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ' பதிவிலும் இதே கதைதான்: 1924ஆம் ஆண்டு ஜாஸ் குழு வடிவத்துக்குப் பதிலாகப் பிற்காலச் சிம்பொனி வடிவம்.

பொதியின் சுங்கப் படிவத்தில் "பரிசு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ வரையிலான பரிசுகளுக்கு உள்ள வரிவிலக்கு தனி மனிதர் தனி மனிதருக்கு அனுப்பும் பொதிக்கே உரியது. கடையிலிருந்து நேராகச் செல்லும் பொதிக்கு அது பொருந்தாது. வெளிநாட்டுக்குப் பரிசு அனுப்புவதையே விளம்பரப்படுத்தும் நிறுவனத்துக்கு இது தெரியாதிருக்க முடியாது. விற்பனையின்போதே வரியை என்னிடம் வசூலித்திருக்கலாம், தந்திருப்பேன். இறுதியில் என் தோழி அஞ்சலகத்தில் வரிசையில் நின்று, வரியும் கையாளும் கட்டணமுமாகச் சுமார் 500 செக் கொருனா செலுத்தித் தம் பிறந்தநாள் பரிசைப் பெற்றிருக்கிறார். உள்ளே விலைச்சீட்டு வேறு.

நான் குறிப்பிட்ட மூன்று பதிவுகளையும் தங்கள் செலவில், வரியை முன்கூட்டியே செலுத்தி, முப்பது நாட்களுக்குள் அவருக்கு அனுப்புமாறும், அவர் செலுத்திய தொகையை எனக்குத் திருப்பித் தருமாறும், தவறு தங்களுடையது என்பதை அவருக்கு ஒரு கடிதத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஏதேனும் ஒரு பதிவு கிடைக்காவிட்டால், மாற்று எதையும் அனுப்பாமல் அதற்குரிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஏற்கெனவே சென்ற குறுந்தகடுகளைத் திருப்பி அனுப்பும்படி அவரைக் கேட்க வேண்டாம். மறுபடியும் அவரை அஞ்சலக வரிசையில் நிறுத்த எனக்கு மனமில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்