குணமும் காதலும்: இரண்டு வரி விளக்கம் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழக மாணவர்களின் குணத்தையும் காதலையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒருவரின் குணம்தான் அவர் காதலைத் தீர்மானிக்கிறதாம்; படிப்பு, வேலை, குடும்பம் பார்த்துக் காதலிப்பவர்கள் உணர்ச்சி வறண்டவர்களாம். ஒரே போடாகப் போட்டுவிட்டார் கட்டுரையாளர். நல்லது. டர்பனில் எங்கள் தலைமுறையே வறண்டு கிடந்த விஷயம் இப்போதுதான் தெரிந்தது.

கனடிய சமூகவியலாளர் ஜான் ஆலன் லீ 1973-ல் காதலை ஆறு விதமாகப் பிரித்தது உங்களுக்குத் தெரியாததல்ல. பொருத்தம் பார்க்கும் 'பிராக்மா'வும் அதில் ஒன்று. அதை மட்டமாக்கியது உங்கள் கட்டுரையாளர்.

அறுபதுகளில் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரிக்குப் படகில் போய்ப் படித்தவன் நான். என் மனைவியைப் பார்த்ததும் அந்தப் படகில்தான். "வாத்தியார் வேலை நிச்சயமா? உங்க அம்மா யாரோட இருப்பாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் கேட்டோ மேனர் வீட்டை இழந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பத்துப் பெண் வேறு எதைக் கேட்பார்? வெள்ளையரும் மற்றவரும் மணக்கக் கூடாது என்று 1949 முதல் 1985 வரை சட்டமே இருந்த நாடு இந்தத் தென்னாப்பிரிக்கா. பிற்பாடு என் தாயார் படுத்த படுக்கையானபோது, நடுராத்திரி எழுந்து முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டதும் அந்த 'வறண்ட' பெண்தான்.

அப்புறம், 'நீங்கள் எந்த வகை?' என்று கேள்விகள் வேறு. வெஸ்ட்வில்லில் படிக்கும் என் பேத்தி அதை நிரப்பிவிட்டு, "நான் மேனியா தாத்தா, என் குணமே அப்படி" என்கிறாள். லீ சொன்ன ஆறில் அதுவும் ஒன்று: ஓயாத ஏக்கமும் சந்தேகமுமான காதல். பையன் பதில் போடத் தாமதமானால் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலேயே போனை வைத்து முறைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால் உங்கள் இதழைக் காட்டுகிறாள். பதற்ற சுபாவமும் மேனியாவும் சேர்ந்து காணப்படுவதாக ஆய்வுகள் சொல்வது சரி. அதனால் பதற்ற சுபாவம்தான் மேனியாவை உண்டாக்கியது என்று ஆகிவிடுமா? மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக் கொடுத்த பதில்கள்தானே பெரும்பாலும் சான்று? பரீட்சை வாரத்தில் கேட்டால் எல்லோருமே பதற்றக்காரர்கள்தான்.

உங்களிடம் சொல்லி என்ன? தைப்பூசத் தேதியைத் தப்பாகப் போட்டதற்கு நான் எழுதிய கடிதமே இன்னும் இதழில் வரவில்லை. தமிழ் வகுப்புச் செய்திக்கு மூலையில் நாலு வரி, ராசிபலனுக்கு முழுப் பக்கம். இப்போது ராசிக்குத் துணையாகக் குணமும் வந்தாயிற்று.

குணம் காதலைத் தீர்மானிப்பதாக நிரூபணம் இல்லை என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள், போதும். மரண அறிவித்தல்களுக்குக் கீழே மட்டும் வேண்டாம். பேத்தி அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்